ஜோடி வண்டியின் மணி

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி நெருங்கினால் டிரைவருக்கு இருப்புக் கொள்ளாது. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் அவர். குறுகலான பாலத்தில் எதிரே லாரி வந்தாலும் கண் இமைக்காதவர். மகள் அனுப்பிவைத்த பழைய லேப்டாப்புக்கு முன்னால் உட்காரும்போது மட்டும் சட்டைக் காலரை மூன்று தடவை இழுத்துவிட்டுக்கொள்வார். திரையில் ஆலோசகர் வருவார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், பெரிய மூக்குக்கண்ணாடி, பின்னால் ஒரு புத்தக அலமாரி.

“வணக்கம் சார். இந்த வாரம் எப்படிப் போச்சு?”

“நல்லாப் போச்சு மேடம்.”

பச்சைப் பொய். அந்தப் பெண்ணுக்கும் அது தெரியும், இவருக்கும் தெரியும், அடுப்படியில் உருண்டு கிடந்த வெங்காயத்துக்குக்கூடத் தெரியும். ஆனாலும் முதல் இரண்டு வாரம் இப்படியே ஓடியது. தூக்கம் வருகிறதா? வருகிறது. சாப்பாடு? இறங்குகிறது. மனசு? அதற்கென்ன, இருக்கிறது. எங்கே தொட்டாலும் பிடி கொடுக்காமல் நழுவினார்.

நழுவாமல் என்ன செய்வார்? அவர் வண்டியிலிருந்து ஒரு அம்மா விழுந்த பிறகு ஆபீஸ் போட்ட உத்தரவு அப்படி. ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஆலோசகரிடம் ஆன்லைனில் பேச வேண்டும். முடிவில் ‘வண்டி ஓட்டலாம்’ என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் சாவி கைக்கு வரும். இல்லையென்றால் டெப்போவில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டியதுதான். மனைவி போய் எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் அவள் இல்லை என்பது அவருக்கு மண்டையில் ஏறிவிட்டது. வண்டியில் மட்டும் அவள் இன்னும் இருந்தாள். அந்த வண்டியையும் பிடுங்கிக்கொண்டால் அவளை இரண்டாவது தடவையும் பறிகொடுத்த கதைதான். அதனால் அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

முதல் நாளே அந்தப் பெண் ஒன்று சொல்லியிருந்தார். “நீங்க பேசறது நமக்குள்ளயே இருக்கும் சார். வேற ஒருத்தர் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் நான் சும்மா இருக்க முடியாது.”

“நம்மால யாருக்கு மேடம் ஆபத்து வரப்போகுது!” என்று டிரைவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கே பிடிக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஆலோசகர் கேட்டார். “சார், ஒண்ணு கேக்கலாமா? நீங்க என்னப் பாக்கவே மாட்டேங்கறீங்க. மேல மூலையில எதையோ பாத்துட்டே இருக்கீங்க.”

டிரைவர் மாட்டிக்கொண்டார். திரையின் மேல் மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதில் அவருடைய முகமே தெரிந்தது, முகத்துக்குப் பின்னால் அடுப்படி வாசல் தெரிந்தது. பஸ்ஸில் உள்கண்ணாடி இருப்பதும் அந்த இடத்தில்தான். முப்பது வருடப் பழக்கம், கண் தானாக அங்கே போய்விடுகிறது.

“கண்ணாடி மேடம்,” என்றார். “அதுலதான் அவளப் பாப்பேன்.”

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்லவேளையாக அடுப்பில் பால் பொங்கிற்று. ஆள் எழுந்து ஓடி அடுப்பை அணைத்தார், வழிந்ததைத் துணியால் துடைத்தார். துடைத்தபடியே, லேப்டாப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, அடுப்படி ஜன்னலைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். இரண்டு வாரமாக இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் மடை திறந்தது போலக் கொட்டினார்.

அவள் அவருடைய பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணமான மூன்றாம் வருடம் வேலைக்குச் சேர்ந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வண்டியா என்று டெப்போவில் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். அப்புறம் அவர்களே ‘ஜோடி வண்டி’ என்று பேர் வைத்தார்கள். இருபத்திரண்டு வருடம், அதே தடம், அதே எட்டாம் நம்பர். அவர் முன்னால், அவள் பின்னால், நடுவில் அறுபது பேர். ஓடுகிற வண்டியில் டிரைவரோடு பேசக் கூடாது என்று போர்டே இருக்கிறது, பெண்டாட்டிக்கு மட்டும் விலக்கா கொடுப்பார்கள்? அதனால் பகல் முழுக்க மணிதான். கூரையை ஒட்டி ஓடும் கயிற்றை ஒரு தடவை இழுத்தால் நில், இரண்டு தடவை இழுத்தால் போ. காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால் அவள் இழுக்கிற இழுப்பில் மணி அறுந்து அவர் தலையில் விழும் போலிருக்கும். சமாதானம் எந்த ஸ்டாப்பில் ஆயிற்று என்பதும் மணியிலேயே தெரிந்துவிடும். ‘அக்கா கோவம் தணிஞ்சிடுச்சு டிரைவரே’ என்று பழைய பயணிகள் முன் சீட்டிலிருந்து சேதி சொல்வார்கள். வெட்கம் கெட்ட வண்டி!

“மத்த கண்டக்டருங்க எல்லாம் டிங்டிங்னு ஒரே மூச்சுல அடிச்சுடுவாங்க மேடம். இவ அப்படி இல்ல. டிங்… அப்புறம் ஒரு சின்ன இடைவெளி… டிங். முத மணி ‘ஏங்க’ன்னு கூப்பிடற மாதிரி இருக்கும். ரெண்டாவது ‘போலாம்’. அது எனக்கு மட்டும்தான். வண்டில வேற யாருக்கும் அது தெரியாது.”

வீட்டுக்கு வந்தாலும் அதே ஏற்பாடுதான். அவர் ஜன்னலோரம் முக்காலியில், அவள் பின்னால் அடுப்படியில். முகம் பார்த்துப் பேசினால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். வீட்டுச் செலவு, மகள் படிப்பு, அவருடைய அண்ணன் அடித்த கூத்து, எல்லாமே முதுகுக்குப் பின்னாலிருந்துதான் அவர் காதுக்கு வந்து சேர்ந்தது.

பேசி முடித்துத் திரும்பியபோது ஆலோசகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். “அடுத்த வாரமும் இப்படியே திரும்பிட்டே பேசுங்க சார்,” என்றார். “நான் பின்னாடி இருக்கேன்.”

நாலாவது வாரம் டிரைவர் முக்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் லேப்டாப். எதிரே, ஜன்னலுக்கு மேலே சுவரில் ஒரு கடிகாரம். இருபது வருடம் விபத்து இல்லாமல் ஓட்டியதற்கு ஆபீசில் மாலை போட்டுக் கொடுத்தது. வட்டத்துக்குள் ஒரு பஸ் படம், அடியில் அவர் பேர். அதைக் கொண்டுவந்து மாட்டிய அன்று, ‘உங்களுக்குக் கடிகாரம், எனக்கு அதத் தொடைக்கற வேலையா?’ என்று அவள் கேலி செய்தாள். எட்டு மாதமாக அதை யாரும் துடைக்கவில்லை.

“அந்தம்மா விழுந்தாங்களே, அன்னிக்கு என்ன நடந்துச்சு சார்?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ஆபீஸ் அறிக்கையில் ‘கவனக்குறைவு’ என்று ஒரு வார்த்தை இருந்தது. டிரைவரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தார். சலவைக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா பின்வாசல் வழியாக இறங்கும்போது வண்டி நகர்ந்துவிட்டது. முழங்கால் பெயர்ந்து, கைப்பை ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கமாக விழுந்தார். சக்கரத்துக்கும் அவர் காலுக்கும் ஒரு சாண் இடைவெளி.

டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பொய் சொல்ல வாயெடுத்தார். முதுகுக்குப் பின்னால் இருப்பவரிடம் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“மணி கேட்டுச்சு மேடம்.”

“யாரு அடிச்சாங்க?”

“யாரும் அடிக்கல. புது கண்டக்டர் அப்போ நடுவுல டிக்கெட் குடுத்துட்டு இருந்தாரு. எனக்குக் கேட்டுச்சு. டிங்… டிங். அவ மணி. நான் எடுத்துட்டேன். அதுக்கு முன்னாடியும் கேக்கும். தெனமும் கேக்கும். அது கேக்குதுன்னுதான் நான் வேலைக்கே போனேன்.”

எட்டு மாதமாக மகளிடம்கூடச் சொல்லாததைச் சொல்லிவிட்டார். மனசு லேசாகும் என்பார்களே, அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. பயம்தான் வந்தது.

ஆலோசகர் அவசரப்படவில்லை. “சொன்னதுக்கு நன்றி சார். இருபத்திரண்டு வருஷம் கேட்ட மணி, இன்னும் கேக்கறதுல ஆச்சரியமே இல்ல. நிறையப் பேருக்கு இப்படி நடக்கும். நீங்க ஒண்ணும் பைத்தியம் இல்ல. ஆனா வண்டில அறுபது பேர் இருக்காங்க. இத ஆபீசுக்குச் சொல்லியாகணும். நீங்களே சொன்னா நல்லது. அடுத்த செவ்வாய்க்குள்ள நீங்க சொல்லலன்னா நான் எழுத வேண்டியிருக்கும்.”

டிரைவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “வாயைக் கிளறி வாங்கிட்டு இப்ப என் வயித்துலயே அடிக்கறீங்களா?” என்று எழுந்து வந்து லேப்டாப்பைப் படாரென்று மூடினார். அதற்குப் பிறகு மகளின் போனையும் எடுக்கவில்லை.

மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே புழுங்கினார். நாலாம் நாள், ‘எனக்கு இந்த வேலையே வேண்டாம்’ என்று ஒரு கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டெப்போவுக்குக் கிளம்பினார். இவர்கள் என்ன சாவியைப் பிடுங்குவது, நானே விட்டெறிகிறேன் என்ற வீம்பு. ஸ்டாப்பில் நின்றார். வந்து நின்றது எட்டாம் நம்பர். வேறு எந்த வண்டி வரும்?

தன்னுடைய வண்டியில் பயணியாக ஏறுவது அதுதான் முதல் தடவை. ஸ்டியரிங்கில் யாரோ ஒரு மாற்று டிரைவர். முன்பக்கம் கால் வைக்க இடமில்லை. கூட்டம் தள்ளிய தள்ளில் பின்னாலேயே ஒதுங்கி, கடைசியில் பின்வாசலை ஒட்டிய கண்டக்டர் சீட்டில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தார். அவளுடைய சீட். உறை ஓரத்தில் கிழிந்த இடத்தை அவள் நீல நூலால் தைத்திருந்தாள். அந்தத் தையல் அப்படியே இருந்தது. விரலால் அதைத் தடவிக்கொண்டே வந்தார்.

அவள் இடத்துக்கு வந்த புது கண்டக்டருக்கு டெப்போவில் ‘சீக்கிரம்’ என்று பேர். இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப் போகிற மனுஷர், ஆனால் ‘சீக்கிரம் ஏறு, சீக்கிரம் இறங்கு’ தவிர வேறு எதுவும் அவர் வாயில் வராது. கூட்டத்தின் நடுவில் சிக்கிக்கொண்டு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர், சலவைக்கடை ஸ்டாப்பில் வண்டி நின்றதும், கயிற்றுக்குக் கை எட்டாமல் அங்கிருந்தே கத்தினார்.

“அண்ணே, நீங்கதான அங்க உக்காந்திருக்கீங்க? ரெண்டு மணி அடிச்சு விடுங்கண்ணே! சீக்கிரம்!”

டிரைவர் கையைத் தூக்கினார். கயிறு தலைக்கு மேலேயே இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த மணியை அவர் கேட்டிருக்கிறாரே தவிர அடித்ததில்லை. ஒரு தடவை இழுத்தார்.

டிங்.

கை அப்படியே நின்றது. எல்லோரும் இறங்கிவிட்டார்களா? தெரியவில்லை. கண்டக்டர் சீட்டின் முதுகுப்பக்கம்தான் படி, உட்கார்ந்தபடி பார்த்தால் கம்பியும் தகரமும்தான் தெரிகின்றன. கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் திருப்பி எட்டிப் பார்த்தார். ஒரு பெரியவர் ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் படியிலும் வைத்துக்கொண்டு, குடையை அக்குளில் இடுக்க முடியாமல் அல்லாடிக்கொண்டிருந்தார். இரண்டாவது காலும் கீழே போயிற்று. டிரைவர் திரும்பிக் கயிற்றை மறுபடி இழுத்தார்.

டிங்.

வண்டி நகர்ந்தது. டிரைவர் கயிற்றைப் பிடித்த பிடியை விடவில்லை. இப்போது கேட்டது அவளுடைய மணி. அதே இடைவெளி. இந்தத் தடவை அது நினைப்பில் கேட்கவில்லை, அவருடைய கையே அடித்தது. திரும்பி, எட்டி, பார்த்து, மறுபடி திரும்ப எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவுதான் அந்த இடைவெளி. ‘ஏங்க’வும் இல்லை, ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருடமும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்திருக்கிறாள்.

பஸ்ஸிலேயே அழுதார். ஐம்பத்தாறு வயது மனிதர், மீசையெல்லாம் நனைய, நாலு பேர் பார்க்க அழுதார். பக்கத்தில் நின்றவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

டெப்போ மேனேஜர் அவரைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். டிரைவர் சட்டைப் பையில் கைவைத்தார், கடிதம் கையில் தட்டுப்பட்டது. அதை வெளியே எடுக்கவில்லை.

“சார், அந்த ரிப்போர்ட்டுல கவனக்குறைவுன்னு போட்டிருக்கு. அது சரியில்ல. நான் சொல்றத எழுதிக்கோங்க.”

மேனேஜர் எழுதினார். எழுதி முடிக்கும்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை. “இதச் சொன்னா இப்போதைக்கு உங்களுக்கு வண்டி கெடைக்காதே, தெரியுமில்ல?” என்றார். தெரியும் என்று டிரைவர் சொன்னார். வீட்டுக்குப் போனதும் முக்காலியை எடுத்துப் போட்டு ஏறிக் கடிகாரத்தைத் துடைத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவராகவே லேப்டாப்பைத் திறந்து, முதல் முறையாக ஆலோசகரின் முகத்தை நேரே பார்த்து உட்கார்ந்தார். போன வாரம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார், பெரியவரின் குடை வரைக்கும்.

“இத்தன வருஷமா அவ என்னக் கூப்பிடறான்னு நெனச்சுட்டு இருந்தேன் மேடம். அவ எறங்கறவங்க காலப் பாத்துட்டு இருந்திருக்கா. ஒவ்வொருத்தரா எறங்கியாச்சான்னு பாத்துட்டு, அதுக்கப்புறம்தான் வண்டிய என் கையில குடுத்திருக்கா.” சுவரைக் காட்டினார். “இங்க ஒரு கடிகாரம் இருக்கு. இருபது வருஷம் விபத்தே இல்லன்னு எனக்குக் குடுத்தாங்க. அவ பேரு அதுல ஒரு மூலைலகூட இல்ல. நானும் ஒரு நாள் யோசிக்கல. மாலையெல்லாம் போட்டுட்டு வந்து நின்னேன் மேடம், அவளத் தொடைக்கச் சொல்லி.”

ஆலோசகர் ஆறுதல் சொல்லாமல் நேரே கேள்விக்கு வந்தார். அதுவே டிரைவருக்கு ஆறுதலாக இருந்தது. “மணி இப்பவும் கேக்குதா சார்?”

“கேக்குது. நேத்து குளிக்கும்போதுகூடக் கேட்டுச்சு.”

“நாளைக்கு வண்டில கேட்டா என்ன பண்ணுவீங்க?”

டிரைவர் யோசித்தார். ஆரம்பத்தில் அவர் கொடுத்த பதில் எல்லாம் சாவிக்காகக் கொடுத்தது, இது அப்படி இல்லை. “எட்டிப் பாப்பேன் மேடம்,” என்றார். “வெளிக்கண்ணாடில கொஞ்சம் குனிஞ்சா பின்வாசல் தெரியும். அவ இருந்தவரைக்கும் நான் குனிஞ்சதே இல்ல. குனியத் தேவையே வரல.”

ஆலோசகர் ‘ஓட்டலாம்’ என்று உடனே எழுதிவிடவில்லை. இன்னும் பத்து வாரம் பேச வேண்டும், முதலில் பயணிகள் இல்லாத வண்டியை ஓட்ட வேண்டும், பிறகு பக்கத்தில் இன்னொரு டிரைவரை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும் என்று எழுதினார். டிரைவர் முணுமுணுக்காமல் டயருக்குக் காற்று அடித்தார். செவ்வாய்க்கிழமைகளில் சில நாள் திரையைப் பார்த்தும், சில நாள் ஜன்னலைப் பார்த்தும் பேசினார். அவள் சமையல் பாதியில் போன் பேசப் போய் எல்லாவற்றையும் கருக விட்ட கதைகளைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடியும்போது அவர் அழுததும் உண்டு.

பத்து வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் சாவி கைக்கு வந்தது. எட்டாம் நம்பர், கண்டக்டராக ‘சீக்கிரம்’.

உள்கண்ணாடியில் அந்த நீலத் தையல் சீட் காலியாகத் தெரிந்தது. சீக்கிரம் எப்போதும் நடுவில்தான் நிற்பார், உட்கார்ந்தால் நேரம் வீணாம். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் டிங்டிங் என்று ஒரே மூச்சில் அடித்தார். டிரைவர் ஒவ்வொரு தடவையும் குனிந்து வெளிக்கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். வண்டி நாலு நிமிடம் தாமதம்.

சலவைக்கடை ஸ்டாப் வந்தது. டிங்டிங்.

டிரைவர் குனிந்தார். கண்ணாடியில் அந்த அம்மா தெரிந்தார். அன்றைக்கு விழுந்தவரேதான். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஒரு கையால் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, படியில் தயங்கித் தயங்கி ஒரு காலை இறக்கினார். முழங்கால் இன்னும் முழுசாக மடங்கவில்லை. தலையைத் தூக்கி டிரைவர் இருக்கிற பக்கமாகப் பயத்தோடு பார்த்தார்.

“அண்ணே, ரெண்டு மணி அடிச்சாச்சுண்ணே! சீக்கிரம்!”

“கேட்டுச்சு,” என்றார் டிரைவர். கால் பிரேக்கை விடவில்லை.

அந்த அம்மாவின் இரண்டாவது காலும் தரைக்கு வந்தது. கம்பியிலிருந்து கையை எடுத்தார். இரண்டு அடி விலகி நின்று புடவையைச் சரி செய்துகொண்டார். டிரைவர் அது வரைக்கும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். உள்கண்ணாடியில் அந்தக் காலி சீட்டைப் பார்த்தார்.

“எறங்கியாச்சும்மா,” என்று அவளுக்குச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.